காலடியை அளந்தவர்கள்



ஒரு நோய்க்கு மக்கள் இட்டு வழங்கும் பெயரைக் கொண்டே, அந்த நோயை அவர்கள் எப்படி நினைத்தார்கள் என்று கண்டுகொள்ளலாம். நாம் பக்கவாதம் என்கிறோம். வாதம் என்றால் காற்று. உடம்பின் ஒரு பக்கத்தைக் காற்று பிடித்துக்கொண்டது என்று நம் முன்னோர் கருதினார்கள். பாரிசவாயு என்றும் அதைச் சொன்னார்கள். நம் நாட்டு மலாய்க்காரர்கள் ‘அங்கின் அஹ்மார்’ என்பார்கள். சிவப்புக் காற்று என்று அதற்குப் பொருள். பழைய கிரேக்கர்கள் இட்ட பெயருக்கு அடித்து வீழ்த்துதல் என்று பொருள். ஆங்கிலத்தில் ஸ்ட்ரோக் என்பதும் ஓர் அடிதான். தோட்டப்புறங்களில் ‘கை கால் விழுந்துவிட்டது’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இத்தனை பெயர்களும் விழுந்ததைத்தான் சொல்கின்றன. விழுந்தவர் எழுந்து நடந்ததைச் சொல்லும் பெயர் ஒன்றுகூட இல்லை.

அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. கிரேக்க மருத்துவ ஆசான் இப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல், கடுமையான பக்கவாதத்தைக் குணப்படுத்த முடியாது, இலேசாக வந்தாலும் குணப்படுத்துவது எளிதன்று என்று கைவிரித்துவிட்டது. நோய் உடம்பில் எங்கே உண்டாகிறது என்பதுகூட நெடுங்காலம் தெளிவாகவில்லை. 1658-ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகரத்து மருத்துவர் யோஹான் யாக்கோப் வெப்ஃபர் என்பவர், இந்நோயால் இறந்தவர்களின் தலையைத் திறந்து ஆராய்ந்து, மூளைக்குள் இரத்தம் கசிந்திருந்ததை எழுதி வெளியிட்டார். 1761-இல் இத்தாலியின் மோர்கானி, தம் எண்பது வயதை நெருங்கும் காலத்தில் வெளியிட்ட பெருநூலில், மூளையின் ஒரு பாதியில் கேடு நேர்ந்தால் உடம்பின் எதிர்ப்பக்கம் முடங்குகிறது என்பதைப் பல சான்றுகளோடு காட்டினார்.

இவையெல்லாம் இறந்தவர்களிடம் கற்ற பாடங்கள். உயிர் பிழைத்து, கட்டிலை விட்டு இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு முதல் அடி எடுத்து வைப்பவரிடம் கற்க வேண்டிய பாடம் வேறு. அவருடைய நடையை எப்படி மதிப்பிடுவது? எவ்வளவு தேறியிருக்கிறார் என்று எதைக் கொண்டு சொல்வது? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களின் வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இது டாக்டர்களுக்கு உரிய விஷயம், நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணலாம். ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் வீடு திரும்பினால், பார்க்க வருகிறவர்கள் முதலில் என்ன கேட்கிறார்கள்? “நடக்கிறாரா?” என்றுதானே? “நடக்கிறார்” என்று நாமும் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு சொல்லை நம்பி எத்தனை முடிவுகள்! மகள் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்க வேண்டுமா, மனைவி அதிகாலையில் அவரைத் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா, அவர் மறுபடியும் வேலைக்குத் திரும்புவாரா என்பதெல்லாம் அந்தச் சொல்லில் அடங்கியிருக்கிறது. வேலை போனால் குடியிருக்கும் வீடும் போய்விடும் என்ற நிலையில் வாழ்ந்த தோட்டக் குடும்பங்களுக்கு, ‘நடக்கிறார்’ என்ற சொல்லின் கனம் நன்றாகவே தெரியும். கட்டிலிலிருந்து வாசல்வரை நடப்பவரும் நடக்கிறார். கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருபவரும் நடக்கிறார். இருவருக்கும் ஒரே சொல் எப்படிப் போதும்?

முதலில் அந்த நடையையே சற்றுக் கூர்ந்து பார்ப்போம். நோயின் பிடியிலிருந்த காலில் பாதம் மேலே தூக்க வராமல் தொங்கும். முழங்கால் விறைத்து நிற்கும், மடங்காது. மடங்காத காலைத் தரையில் தட்டாமல் முன்னே கொண்டுவர வேண்டுமானால் இடுப்பை உயர்த்தி, காலை வெளிப்பக்கமாக வீசி, அரைவட்டம் போட்டுத்தான் கொண்டுவர முடியும். பிரெஞ்சு மருத்துவர்கள் இதை, புல் அறுப்பவன் அரிவாள் வீசுவது போன்ற நடை என்று வருணித்தார்கள். கையோ முழங்கையில் மடங்கி மார்போடு ஒட்டிக்கொள்ளும். சிலிப்பர் போட்டு நடந்தால் அந்தக் காலில் மட்டும் அது நழுவி விழும். விரல்கள் இறுக்கிப் பிடிக்காததே காரணம். இவற்றையெல்லாம் பார்த்த கண் எவரும் சொல்லிவிடலாம். ஆனால் கண் பார்த்ததை நேற்றையதோடு இன்றையதை ஒப்பிட்டுச் சொல்ல முடியுமா? அங்கேதான் அளவுகோல் தேவைப்பட்டது.

மனித நடையை அளக்க முற்பட்டவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியர். 1836-இல் ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் நடையின் இயக்கத்தை விளக்கி ஒரு நூல் எழுதினார்கள். பின்னர் பிரான்சு நாட்டு உடலியல் அறிஞர் மாரே ஒரு விநோதமான சப்பாத்தைச் செய்வித்தார். அதன் அடிப்பாகத்தில் ரப்பர், ரப்பருக்குள் காற்று அடைத்த அறை, அங்கிருந்து ஒரு ரப்பர்க் குழாய். பாதம் தரையை அழுத்தும்போதெல்லாம் குழாய்வழியே காற்று போய், நடப்பவர் கையில் ஏந்தியிருந்த கருவியில் ஒரு கோடு கீறும். எந்தக் கால் எவ்வளவு நேரம் தரையில் நின்றது என்று அந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் கருவியை விளக்கும் அவருடைய நூல் வெளிவந்த ஆண்டு 1873. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: அந்தச் சப்பாத்தில் இருந்தது நம் மண்ணின் ரப்பர் அன்று. தென் அமெரிக்க ரப்பர்க் கன்றுகள் 22 சிங்கப்பூர் வந்து சேர்ந்ததும், அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டதும் 1877-இல்தான்.

மாரே பெரும்பாலும் நலமாக இருந்தவர்களின் நடையைத்தான் ஆராய்ந்தார். நோயாளியின் காலடியைத் தாளில் பதித்து அளந்தவர், பாரிஸ் நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரியான சால்பெத்ரியேரில், புகழ்பெற்ற ஷார்க்கோவிடம் மாணவராயிருந்த ஜில் த லா தூரெத். தம்மையறியாமல் முகம் சுளித்து உடம்பு துடிக்கும் வேறொரு நோய்க்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். உலகம் அவரை அதனால்தான் நினைவில் வைத்திருக்கிறது. முப்பது வயதுகூட நிரம்பாத நாளில், 1886-இல் அவர் வெளியிட்ட நடை ஆராய்ச்சியைப் பலர் மறந்துவிட்டார்கள்.

அவருடைய கருவி என்ன தெரியுமா? சுவரில் ஒட்டும் காகிதச் சுருள் ஒன்று, துரு நிறத்தில் இருக்கும் இரும்புத் தூள் கொஞ்சம், இவ்வளவுதான். ஏழெட்டு மீட்டர் நீளத்துக்குக் காகிதத்தைத் தரையில் விரித்து, நடுவே நேராக ஒரு கோடு போட்டார். நோயாளியின் உள்ளங்காலில் செந்தூளைத் தடவி, கோட்டின் மேலாக நடக்கச் சொன்னார். கிருஷ்ண ஜெயந்தியன்று வாசலிலிருந்து பூசையறைவரை மாவினால் சின்னப் பாதம் பதிப்போம் அல்லவா? அதுபோலக் காகிதத்தில் சிவப்புச் சிவப்பாய்ப் பாதங்கள் விழுந்தன. அப்புறம் அவர் அளவுகோலை எடுத்துக்கொண்டு குனிந்தார். வலது பாதத்துக்கும் இடது பாதத்துக்கும் இடையே எவ்வளவு தூரம்? நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பாதமும் எவ்வளவு விலகியிருக்கிறது? விரல்கள் உட்பக்கம் திரும்பியிருக்கின்றனவா, வெளிப்பக்கமா? எங்கே தூள் இழுபட்டுக் கோடாகியிருக்கிறது? நலமானவர் காலடியையும் பலவகை நோயாளிகளின் காலடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த நோய் எந்தத் தடத்தை விடுகிறது என்று எழுதினார். பக்கவாதக்காரரின் தடமும் அவற்றுள் ஒன்று.

குளித்துவிட்டு ஈரக் காலோடு சிமெண்டுத் தரையில் நடந்து வருகிறவரின் தடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பாதம் முழுதாக விழுந்திருக்கும். மற்றொன்று குதிகால் இல்லாமல், வெளி ஓரம் மட்டும் பதிந்து, பெருவிரல் இழுத்த கோட்டோடு இருக்கும். தூரெத் பாரிசில் காகிதத்தில் படித்ததை நாம் நம் வீட்டுத் தரையிலேயே படிக்கலாம். ஈரத் தரையில் அவரை வேண்டுமென்றே நடக்கவிட்டுப் பார்க்காதீர்கள், வழுக்கிவிடும். தற்செயலாகக் கண்ணில் பட்டால் பாருங்கள்.

அதே காலத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், குதிரை ஓடுவதைப் படம் பிடித்துப் பேர் வாங்கிய மைபிரிட்ஜ் என்பவர், நரம்பு நோயாளிகள் நடப்பதையும் தொடர்ச்சியான புகைப்படங்களாக எடுத்தார். ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் பிரௌன, ஃபிஷர் என்ற இருவர் 1891-இல் ஒரு போர்வீரரின் உடம்பில் ஒளிவீசும் கண்ணாடிக் குழல்களைக் கட்டி, இரவில் நடக்கவிட்டுப் படம் எடுத்தார்கள். அவருக்குக் குழல்களைக் கட்டி முடிக்கவே பல மணி நேரம் பிடித்ததாம்! கணக்குப் போட்டு முடிக்க ஆண்டுகள் ஆயின. மேதைகளின் வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் பக்கவாதம் வந்த ஒரு துணி வெளுக்கும் தொழிலாளிக்கு அதனால் என்ன பயன் கிடைத்தது என்று கேட்டால், அந்நாளில் ஒன்றுமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். நடை எப்படி இருக்கிறது என்று அவர்கள் அளந்தார்கள். அந்த நடையை வைத்துக்கொண்டு அவர் எங்கே போய்வர முடியும் என்று கேட்க யாரும் இல்லை.

அந்தக் கேள்வி எழ இருபதாம் நூற்றாண்டின் போர்களும், போலியோ என்னும் இளம்பிள்ளை வாதமும் வரவேண்டியிருந்தது. கால் இழந்த போர்வீரர்களும் கால் சூம்பிய பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் வந்து நின்றபோது, அவர்களை மறுபடியும் வாழ்க்கையில் நிலைநிறுத்தும் மறுவாழ்வு மருத்துவம் வளர்ந்தது. பிசியோதெரபி என்று நாம் சொல்லும் உடலியக்கச் சிகிச்சையும் அதனோடு வளர்ந்தது. அளவுகோல் மெல்ல மெல்லப் பேராசிரியர்களின் கையிலிருந்து, நோயாளியைத் தினமும் தாங்கிப் பிடிப்பவர்களின் கைக்கு வந்தது. அவர்களில் பலர் பெண்கள். என் கணிப்பில், இந்த வரலாற்றின் சிறந்த பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவின் மேரிலாண்டு மாநிலத்தில், நாட்பட்ட நோயாளிகளுக்கான ஆஸ்பத்திரிகளில் பணியாற்றிய டாக்டர் ஃபுளோரன்ஸ் மஹோனி, உடலியக்கச் சிகிச்சையாளர் டோரத்தியா பார்தெல் என்ற இரு பெண்மணிகள் 1965-இல் ஒரு மதிப்பெண் அட்டவணையை வெளியிட்டார்கள். மொத்தம் 100 மதிப்பெண். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போவது என்று பத்து வேலைகள். அவற்றுள் சமதரையில் 50 கஜம் யார் துணையும் இல்லாமல் நடந்தால் 15 மதிப்பெண். கைத்தடி ஊன்றிக்கொண்டு நடந்தாலும் குறைப்பதில்லை. ஆள் துணையோடு நடந்தால் 10. மாடிப்படி தனியே ஏறி இறங்கினால் இன்னொரு 10. கால் அரைவட்டம் போடுகிறதா, பாதம் தொங்குகிறதா என்பதற்கு மதிப்பெண் கிடையாது. அழகாக நடக்கிறாரா என்று அந்த அம்மையார்கள் கேட்கவில்லை. போய்ச் சேருகிறாரா என்று கேட்டார்கள். நூற்றுக்கு நூறு வாங்கியவர்கூடத் தனியே வாழ முடியும் என்று பொருளல்ல, சமைக்கவும் வீட்டைப் பார்த்துக்கொள்ளவும் அவரால் முடியாமல் இருக்கலாம் என்பதையும் அவர்களே எழுதி வைத்தார்கள். பார்தெல் அட்டவணை இன்றும் உலகெங்கும் ஆஸ்பத்திரிகளில் பயன்பட்டு வருகிறது.

1984-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில், உடலியக்கச் சிகிச்சையாளர் மௌரீன் ஹோல்டனும் அவரோடு பணியாற்றியவர்களும் இன்னும் எளிய ஒரு வழியை வெளியிட்டார்கள். நடப்பவரின் காலைப் பார்ப்பதற்குப் பதிலாக, அவரைத் தாங்குகிறவரின் கையைப் பார்த்தார்கள். இதை வீட்டில் உள்ளவர்கள் நன்றாகப் புரிந்துகொள்ளலாம். நடக்கவே முடியவில்லை, அல்லது இரண்டு பேர் தாங்கினால்தான் முடியும் என்றால் பூச்சியம். ஒருவர் விடாமல் இறுகப் பிடித்து, உடம்பின் பாரத்தையும் தாங்க வேண்டியிருந்தால் ஒன்று. பாரம் தாங்க வேண்டாம், சாய்ந்துவிடாமல் இருக்க இலேசாகத் தொட்டுக்கொண்டால் போதும் என்றால் இரண்டு. கையே படவேண்டாம், ஆனால் பக்கத்தில் ஓர் ஆள் நின்று “மெதுவாக, காலைத் தூக்கி வையுங்கள்” என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்றால் மூன்று. சமதரையில் தனியே நடக்கிறார், படியிலும் மேட்டிலும் குண்டும் குழியுமான இடத்திலும் மட்டும் துணை வேண்டும் என்றால் நான்கு. எங்கு வேண்டுமானாலும் தனியே போகிறார் என்றால் ஐந்து.

ஆஸ்பத்திரியின் வழுவழுப்பான தரையில் நான்கு வாங்கியவர் தோட்டத்துச் செம்மண் சாலைக்கு வந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மழை பெய்த மறுநாள், லயத்து வாசலில் கால்வாயைத் தாண்ட ஒரு பலகை போட்டிருக்கும். அவருக்கு அங்கே துணை வேண்டும். ‘ஆஸ்பத்திரியில் நன்றாக நடந்தாரே, வீட்டுக்கு வந்ததும் சோம்பல் வந்துவிட்டது’ என்று சொல்லிக் கடிந்துகொள்ளும் குடும்பங்கள் உண்டு. சோம்பல் இல்லை, ஐயா. தரை மாறிவிட்டது.

அடுத்து வந்தது கடிகாரம். இங்கிலாந்தில் டாக்டர் டெரிக் வேடும் அவருடைய குழுவினரும், பக்கவாதம் வந்தவர்களை முதல் மூன்று மாதங்கள் தொடர்ந்து கவனித்து, 10 மீட்டர் நடக்க எத்தனை விநாடி பிடிக்கிறது என்று அளந்து 1987-இல் வெளியிட்டார்கள். பத்து மீட்டர் என்றால் ஏறத்தாழ 33 அடி. செம்பனைத் தோட்டங்களில் மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர் விட்டு நடுவது வழக்கம். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போய் இன்னும் ஓர் எட்டு வைத்தால் பத்து மீட்டர். நலமானவர் இதை ஏழு அல்லது எட்டு விநாடியில் கடந்துவிடுவார். இவ்வளவு சின்ன அளவு எதைக் காட்டிவிடப் போகிறது என்று முதலில் யாருக்கும் தோன்றும்.

அது எதைக் காட்டும் என்று விளக்கியவர் டாக்டர் ஜாக்குலின் பெரி. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவத்தில் உடலியக்கச் சிகிச்சையாளராக வேலை பார்த்து, பிறகு மருத்துவம் படித்து, பெண்கள் அரிதாகவே நுழைந்த எலும்பு அறுவை சிகிச்சைத் துறையில் நுழைந்தவர் அவர். கலிபோர்னியாவின் ராஞ்சோ லோஸ் அமிகோஸ் மருத்துவமனையில் போலியோ நோயாளிகளோடு தொடங்கி, நடையை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டு, 2013-இல் தம் 94-ஆம் வயதில் மறைந்தார். 1995-இல் அவரும் அவரோடு பணியாற்றியவர்களும், பக்கவாதத்திலிருந்து தேறிவந்த 147 பேரை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். வீட்டுக்குள் எங்கெங்கே நடக்கிறீர்கள், வெளியே எங்கே போகிறீர்கள் என்று விசாரித்தார்கள், வேகத்தையும் அளந்தார்கள். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி வந்தன. விநாடிக்கு 0.4 மீட்டருக்குக் குறைவாக நடப்பவர் பெரும்பாலும் வீட்டோடு இருந்துவிடுகிறார். 0.4-க்கும் 0.8-க்கும் இடையில் இருப்பவர் அக்கம்பக்கம் போய்வருகிறார். 0.8-ஐத் தாண்டியவர் ஊருக்குள் தாராளமாக நடமாடுகிறார்.

இந்தத் தசமக் கணக்கை நம் கடிகாரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பத்து மீட்டருக்கு 25 விநாடிக்கு மேல் பிடித்தால் அவர் வீட்டளவில் நடப்பவர். பன்னிரண்டரை விநாடிக்குள் கடந்துவிட்டால் ஊரளவில் நடப்பவர். இரண்டுக்கும் நடுவே இருப்பவர் பக்கத்து வீடு, அடுத்த லயம் என்ற அளவில் போய்வருவார். பால்மரம் வெட்டியவர்கள் ஒரு நாளைக்கு 400, 500 மரம் சுற்றி வந்தவர்கள். மேடும் பள்ளமுமாக, கையில் வாளியோடு, வெயில் ஏறுவதற்குள் முடித்தவர்கள். அப்படி ஒருவருக்கு, ‘நடக்கிறார்’ என்று சொல்லி மறுபடி அதே வேலையைக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் வைத்துக் காட்டும் நாலு எட்டு விடையாகாது. சொக்சோ இயலாமை ஓய்வூதியத்துக்காக மருத்துவக் குழுவின் முன் போகிறவர்களும் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். “நடக்கிறேன்” என்று மானத்துக்கு அஞ்சிச் சொல்லிவிடாமல், எவ்வளவு தூரம், எத்தனை நேரம், யார் துணையோடு என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

நேராக நடப்பது மட்டும் நடை ஆகுமா? உட்கார்ந்திருப்பவர் எழ வேண்டும், திரும்ப வேண்டும், மறுபடி உட்கார வேண்டும். பலர் தடுமாறி விழுவது திரும்பும்போதுதான். இங்கிலாந்தில் முதியோர் மருத்துவர் பெர்னார்டு ஐசக்ஸின் குழுவினர் 1986-இல் கண்ணால் பார்த்து மதிப்பிட்ட ஒரு சோதனையை, கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் போட்சியாட்லோ, ரிச்சர்ட்சன் என்ற இருவர் 1991-இல் கடிகாரத்தோடு இணைத்தார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 20 விநாடிக்குள் முடிப்பவர்கள் தம் வேலைகளைப் பெரும்பாலும் தாமே பார்த்துக்கொண்டார்கள். 30 விநாடிக்கு மேல் எடுத்தவர்களுக்குப் பல காரியங்களுக்கும் ஆள் துணை வேண்டியிருந்தது. முதியோருக்காக வந்த சோதனை இது. பின்னர் பக்கவாதக்காரர்களுக்கும் பயன்படலாயிற்று.

1997-இல் சுவீடன் நாட்டிலிருந்து வந்த ஒரு சிறு ஆராய்ச்சி எனக்கு மிகவும் பிடித்தமானது. அதற்குக் கடிகாரம்கூட வேண்டாம். முதியோர் இல்லம் ஒன்றில், நடந்துகொண்டிருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தார்கள். சிலர் பேசிக்கொண்டே நடந்தார்கள். சிலர் நின்றுவிட்டு, அப்புறம்தான் பதில் சொன்னார்கள். பதில் சொல்ல நின்றவர்களில் பெரும்பாலோர் அடுத்த ஆறு மாதத்தில் விழுந்தார்கள். நடப்பதற்கே முழுக் கவனமும் தேவைப்படுகிறவருக்குப் பேச்சும் ஒரு சுமையாகிவிடுகிறது. எதிரே மோட்டார் சைக்கிள் வரும், பேரப்பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும், அண்டை வீட்டார் குரல் கொடுப்பார்கள். இவ்வளவுக்கும் நடுவில் நடப்பதல்லவா நம் நடை! படியில் ஏறும் தாத்தாவிடம் கதை கேட்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். அவருக்குத் துணையாக நிற்பவர் வலுவிழந்த பக்கத்தில், சற்றுப் பின்னால் நிற்க வேண்டும். வலுவிழந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோள் மூட்டு நழுவிவிடும்.

இப்படி அளக்கக் கற்றுக்கொண்டதால் என்ன தெரிந்தது? டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பக்கவாதம் வந்த 804 பேரைத் தொடர்ந்து கவனித்து 1995-இல் எழுதினார்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது அவர்களில் 51 விழுக்காட்டினரால் நடக்கவே முடியவில்லை. சிகிச்சை முடிந்தபோது, மொத்தத்தில் சரிபாதிப் பேர் யார் துணையும் இன்றி நடந்தார்கள். நடை திரும்புவது பெரும்பாலும் முதல் 11 வாரங்களுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது என்றும் கண்டார்கள். ‘உடம்பு தேறட்டும், அப்புறம் பயிற்சி பார்த்துக்கொள்ளலாம்’ என்று மூன்று மாதம் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அன்பு, எவ்வளவு அருமையான நாட்களை வீணாக்குகிறது பாருங்கள்!

ஆனால் 11 வாரத்தோடு கதவு மூடிவிடுகிறது என்றும் நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் 408 பேரை வைத்து நடத்திய ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2011-இல் வந்தது. ஒரு சாராரை உயரே தொங்கும் வாரில் கட்டி, ஓடும் பட்டையின் மேல் நடக்கவைத்தார்கள். விலை உயர்ந்த கருவி, பல ஆட்கள் வேண்டும். இன்னொரு சாராருக்குச் சிகிச்சையாளர் வீட்டுக்கே வந்து, கால் வலுவுக்கும் சமநிலைக்கும் சாதாரணப் பயிற்சிகளைக் கொடுத்தார். ஓர் ஆண்டு முடிவில் அளந்தபோது பாதிக்கும் சற்று மேற்பட்டவர்கள், அதாவது 52 விழுக்காட்டினர், முன்னேறியிருந்தார்கள். கருவியில் நடந்தவர்களுக்கும் வீட்டில் பயிற்சி செய்தவர்களுக்கும் வேறுபாடு இல்லை! ஆறு மாதம் கழித்துக் கருவிப் பயிற்சியைத் தொடங்கியவர்களும் முன்னேறினார்கள். முன்னேற்றத்தை அவர்கள் எதைக் கொண்டு அளந்தார்கள் என்கிறீர்களா? டாக்டர் பெரி காட்டிய அதே 0.4, 0.8 என்ற எல்லைகளைக் கொண்டுதான். பட்டணத்து மருத்துவமனையில் உள்ள கருவி நமக்குக் கிடைக்கவில்லையே என்று ஏங்குகிறவர்கள் இந்த முடிவை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சீக்கிரம் நடக்கவைப்பது நல்லது என்றால், முதல் நாளே விடாமல் நடக்கவைத்துவிடலாமா? இதைச் சோதித்துப் பார்த்த ஆராய்ச்சியில் நம் நாட்டு நோயாளிகளும் பங்கு பெற்றிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஜூலி பெர்ன்ஹார்ட் தலைமையில், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன், மலேசியா, சிங்கப்பூர் ஆகிய ஐந்து நாடுகளில் 2104 பேரை வைத்து நடந்தது அது. நோய் வந்த 24 மணி நேரத்துக்குள் படுக்கையை விட்டு எழுப்பி, அடிக்கடி அதிகமாக நிற்கவும் நடக்கவும் வைத்தார்கள் ஒரு சாராரை. மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. எல்லாரும் முதல் சாரார்தான் முந்துவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். 2015-இல் முடிவு வந்தபோது, மூன்றாம் மாதத்தில் நல்ல நிலையில் இருந்தவர்கள் முதல் சாராரில் 46 விழுக்காடு, வழக்கமான கவனிப்பில் 50 விழுக்காடு. துணையின்றி 50 மீட்டர் நடக்கும் நிலைக்கு வருவதிலும் முதல் சாரார் முந்தவில்லை. பின்னர் அதே கணக்கை ஆழமாக ஆராய்ந்தபோது, ஒரே தடவையில் நெடுநேரம் பயிற்சி கொடுப்பதைவிட, கொஞ்ச நேரமாகப் பல தடவை எழுப்பி நடக்கவைப்பது நல்ல பலனோடு சேர்ந்திருந்தது தெரிந்தது. எந்த நாளில் எழுப்பலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அண்டை வீட்டுக்காரரின் அனுபவத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

இங்கே 1996-இல் தொடங்கப்பட்ட மலேசியத் தேசியப் பக்கவாதச் சங்கமும் இத்தகைய மறுவாழ்வுப் பயிற்சிகளை அளித்து வந்திருக்கிறது. அதை நிறுவிய ஜேனட் இயோ அம்மையார் தாமும் பக்கவாதத்திலிருந்து மீண்டவர்.

வீட்டில் துணையின்றி நடக்கும் நிலைக்கு உங்கள் உறவினர் வந்துவிட்டாரென்றால், சமமான, ஈரமில்லாத ஓர் இடத்தில் 10 மீட்டரை அளந்து, இரண்டு முனையிலும் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். முதல் கோட்டுக்கு இரண்டு மூன்று எட்டு முன்னாலிருந்தே அவர் நடக்கத் தொடங்கட்டும். இரண்டாவது கோட்டைத் தாண்டியும் இரண்டு எட்டு நடக்கட்டும். அவருடைய வழக்கமான வேகம் போதும், அவசரப்படுத்த வேண்டாம். ஒவ்வொரு முறையும் அதே ஊன்றுகோல், அதே செருப்பு. ஒருவர் அவருடைய வலுவிழந்த பக்கத்தில் கூடவே வரட்டும். படிக்கிற பிள்ளை ஒன்று கடிகாரத்தைப் பார்க்கட்டும். வாரம் ஒரு முறை எத்தனை விநாடி என்று நாள்காட்டியில் அந்தத் தேதிக்கு நேரே எழுதி வையுங்கள். விநாடி திடீரென்று கூடினால், கால் மறுபடியும் தடுக்கினால், மாதக் கடைசிவரை காத்திராமல் உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மற்றபடி, அடுத்த முறை பிசியோதெரபிக்குப் போகும்போது அந்த நாள்காட்டித் தாளைக் கிழித்து மடித்துக் கையோடு கொண்டு போங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.